செய்தி விரைவும் சமுதாய நலமும்



ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட செய்திக் கருவிகளால் நம் சமுதாயத்துக்கு விளையும் நன்மைகளையும் தீமைகளையும் பற்றி இன்று பேச எண்ணுகிறேன். கைப்பேசி, ஆலையின் புகைபோக்கியில் அமர்ந்து நஞ்சை அளக்கும் உணர்கருவி, படகிலிருந்து விண்ணில் உள்ள செயற்கைக்கோளோடு பேசும் பெட்டி, விரல் ரேகையைப் பார்த்து ஆளை அறியும் யந்திரம் ஆகிய எல்லாமே இவ்வினத்தைச் சேர்ந்தவை. நான் பொறியியல் அறிந்தவன் அல்லேன். 36 ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன். திருவொற்றியூரில் வாழ்பவன். ஆகையால் இதை ஒரு வரலாற்றுப் பாடமாகவே சொல்ல எனக்குத் தெரியும்.

ஆசிரியப் பயிற்சியின்போது எங்களுக்கு முதலில் கற்பித்த விதி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்பது. நமக்குத் தெரிந்த இடம் வடசென்னை. இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் இக்கடற்கரை, செய்திக் கருவிகளின் வரலாற்றில் ஏறத்தாழ ஒவ்வொரு கட்டத்தையும் நேரில் கண்ட இடமாகும். எனவே இங்கிருந்தே தொடங்குவோம்.

தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அது இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை சென்றது. அதற்கு முந்திய ஆண்டில், அதாவது 1855-இல், கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களை இணைத்த மின்தந்தி பொதுமக்களின் பயனுக்கு வந்திருந்தது. இரயிலும் தந்தியும் இரட்டைப் பிள்ளைகளைப் போல வளர்ந்தன. நேரத்தைச் சீராக்காமல் இரயிலை ஓட்ட இயலாது. தந்தியில்லாமல் நேரத்தைச் சீராக்க இயலாது. நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் இயங்கிய வானியல் ஆய்வுக்கூடம் கணித்த நேரம் 'மெட்ராஸ் டைம்' என்ற பெயரோடு தந்திக் கம்பியில் சென்று, இந்தியாவின் இருப்புப்பாதைகளுக்கெல்லாம் கடிகாரமாக விளங்கியது. கிரீன்விச் நேரத்துக்கு 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முற்பட்டது அது. 1906-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் இந்திய நேரம் என்ற பொது நேரம் வழக்கத்துக்கு வரும்வரை அதன் ஆட்சி நீடித்தது. ஊருக்கு ஊர் வேறுபட்ட பொழுதை ஒரு கம்பி ஒன்றாக்கிற்று என்றால், அதன் ஆற்றலை எண்ணிப் பாருங்கள்.

ஆனால் அந்தக் கம்பியின் மறுமுனையைப் பிடித்திருந்தவர் யார்? 1857-ஆம் ஆண்டு மே மாதம் 11-ஆம் நாள், தில்லியில் கிளர்ச்சி வெடித்த செய்தி அங்கிருந்து அம்பாலாவுக்குத் தந்தியில் பறந்தது. கிளர்ச்சி செய்தவர்களிடம் குதிரையும் காலாட்களும் இருந்தன. ஆங்கிலேயரிடம் தந்தியும் இருந்தது. 1885-இல் இயற்றப்பட்ட இந்தியத் தந்திச் சட்டம், பொது நெருக்கடி, பொதுப் பாதுகாப்பு என்னும் காரணங்களைக் காட்டிச் செய்திகளை இடைமறிக்கும் உரிமையை அரசுக்கு அளித்தது. விடுதலைக்குப் பின்னரும் அச்சட்டம் நெடுங்காலம் தொடர்ந்தது. தந்திச் சேவையோ 2013 ஜூலையில் முடிவுக்கு வந்தது. கருவி மறைந்த பின்னும், அதைப் பற்றிப் பிறந்த சட்டம் வாழ்ந்தது. வரலாறு படிப்போர் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த கட்டம் கடலடியில் நிகழ்ந்தது. 1870-71-இல் சென்னையிலிருந்து பினாங்குக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடித் தந்தி வடம் போடப்பட்டது. அந்த வடத்தின் வழியை ஒட்டியே இக்காலத்தின் ஒளியிழை வடங்களும் சென்னையைச் சிங்கப்பூரோடு இணைக்கின்றன. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டில் சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள வடம் பயனுக்கு வந்தது. நம் கைப்பேசியில் தோன்றும் படங்களும் சொற்களும் வானத்தில் மிதந்து வருவதாகப் பலர் நினைக்கின்றனர். உண்மையில் அவற்றில் பெரும்பகுதி நம் மீனவர்கள் வலை வீசும் கடலின் அடியில் கிடக்கும் வடத்தின் வழியாகவே வருகிறது.

1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தை நோக்கிக் குண்டு வீசிற்று. எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. குண்டுகளால் விளைந்த அழிவைவிடப் பெரிதாக இருந்தது, அதன் பின் பரவிய அச்சம். ஆயிரக்கணக்கானோர் நகரை விட்டு வெளியேறினர். 'அவன் பெரிய எம்டன்' என்று இன்றும் நம் பேச்சில் வழங்குவது அந்த அச்சத்தின் எச்சமே. அதே எம்டனின் முடிவும் ஒரு செய்திக் கருவியால்தான் நேர்ந்தது. அவ்வாண்டு நவம்பர் 9-ஆம் நாள், கோகோஸ் தீவுகளில் இருந்த கம்பியில்லாத் தந்தி நிலையத்தை அழிக்க எம்டனின் வீரர்கள் கரையிறங்கினர். வடத்தை வெட்டினர், கம்பத்தைச் சாய்த்தனர். ஆயினும் அதற்கு முன்பே, அயல் கப்பல் ஒன்று வந்துள்ளது என்ற செய்தியை நிலையத்தார் அனுப்பிவிட்டனர். ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற கப்பல் விரைந்து வந்து எம்டனை வீழ்த்திற்று. செய்தியின் விரைவு ஒரு நகரத்தைப் பீதியில் ஆழ்த்தவும் கூடும். ஒரு பகையை ஒடுக்கவும் கூடும் என்பதற்கு ஓராண்டிலேயே இரண்டு சான்றுகள்.

பத்தாண்டுகள் கழித்து, 1924-இல், சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. பணமுடையால் 1927-இல் அது நின்றது. 1930 முதல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்று நடத்தியது. 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது. வானொலியின் பெருமை யாதெனில், கையில் காசில்லாதவனும் கேட்கலாம், எழுத்தறியாதவனும் கேட்கலாம். ஆனால் அவன் மறுமொழி சொல்ல இயலாது. இக்காலக் கருவிகள் அந்தக் குறையைப் போக்கின. மீனவர் ஒருவர் இருந்த இடத்திலிருந்தே உலகோடு பேசலாம். அதனால் விளைந்த நன்மைக்கு ஓர் எடுத்துக்காட்டு கூறுகிறேன்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் காலை, இந்திய நேரப்படி ஏறத்தாழ 6 மணி 29 நிமிடத்துக்குச் சுமத்ரா அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. ஆழிப்பேரலை நம் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில் நம் கடற்கரைக் குப்பங்களுக்கு எச்சரிக்கை சொல்ல ஓர் ஏற்பாடும் இல்லை. புதுச்சேரிப் பகுதியிலுள்ள நல்லவாடு என்ற மீனவர் ஊரில் மட்டும் வேறொன்று நிகழ்ந்தது. அவ்வூரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். செய்தியைக் கேட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து, எல்லோரும் ஓடுங்கள் என்றார். அந்த ஊரில் மா. சா. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த அறிவு மையம் ஒன்று இருந்தது. கடலில் அலை எவ்வளவு உயரம் எழும் என்பதை இணையத்தில் பார்த்து நாள்தோறும் ஒலிபெருக்கியில் அறிவிப்பதற்காக அமைக்கப்பட்டது அது. ஊரார் அம்மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, அந்த ஒலிபெருக்கியில் எச்சரிக்கை விடுத்தனர். ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த ஊரில் வீடுகளும் படகுகளும் அழிந்தன, உயிர்கள் தப்பின.

இதில் எந்தக் கருவி உயிர் காத்தது? சிங்கப்பூர்த் தொலைபேசியா, ஒலிபெருக்கியா? இரண்டும் என்பேன், அவற்றோடு கதவை உடைத்த கைகளும் என்பேன். நாள்தோறும் அலை உயரத்தை அறிவித்து அறிவித்து, அந்த ஒலிபெருக்கியின் சொல்லை நம்பும் பழக்கம் ஊராருக்கு முன்பே உண்டாகியிருந்தது. நம்பிக்கையில்லாத இடத்தில் எச்சரிக்கை வெறும் ஓசையே.

இந்தப் பேரழிவுக்குப் பின் நாடு பாடம் கற்றது. 2007-இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் நிறுவப்பட்டது. ஆயினும் கற்க வேண்டியது மீதி இருந்ததை 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் காட்டிற்று. கன்னியாகுமரிப் பகுதி மீனவர் பலர் அதற்கு முன்பே ஆழ்கடலுக்குச் சென்றுவிட்டிருந்தனர். கரையிலிருந்து சிறிது தொலைவு கடந்தால் கைப்பேசி வெறும் விளக்காகிவிடும். எச்சரிக்கை இருந்தது, அவர்கள் காதுக்கு எட்டவில்லை. எத்தனையோ குடும்பங்கள் தந்தையை இழந்தன. செயற்கைக்கோள் வழியே இருபுறமும் செய்தி அனுப்பும் கருவியை 1 லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. காலம் தாழ்ந்ததாயினும் நல்ல செயலே.

இனி எண்ணூருக்கு வருவோம். 2001-இல் தொடங்கப்பட்டு, இன்று காமராசர் துறைமுகம் எனப் பெயர் பெற்றுள்ள துறைமுகத்துக்கு வெளியே, 2017 ஜனவரி 28-ஆம் நாள் விடியுமுன் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று எரிவாயுக் கப்பலான பி.டபிள்யூ. மேப்பிள், மற்றொன்று எண்ணெய் ஏற்றி வந்த டான் காஞ்சிபுரம். பன்னாட்டுப் பயணம் செய்யும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் தம் பெயரையும் இடத்தையும் திசையையும் ஓயாமல் அறிவிக்கும் கருவியைத் தாங்க வேண்டும் என்ற விதி 2004-ஆம் ஆண்டின் முடிவுக்குள் முழுமையாக நடைமுறைக்கு வந்துவிட்டது. பிற கப்பலைத் திரையில் பெயரோடு காட்டும் காலத்தில்தான் அம்மோதல் நிகழ்ந்தது. எண்ணெய்க் கசிவு இல்லை என்றே முதலில் அறிவிக்கப்பட்டது. சில நாட்களில் கரையெங்கும் கருந்தார் போலப் படிந்த எண்ணெயை, மாணவர்களும் மீனவர்களும் கடலோரக் காவற்படையினரும் வாளியால் மொண்டு எடுத்ததை நாடே கண்டது. விண்ணோடு பேசும் கருவிகளின் தவற்றைக் கடைசியில் பிளாஸ்டிக் வாளி துடைத்தது என்று அன்று நான் எண்ணினேன். பின்னர் நினைத்தபோது, கருவியின் மீது பழி போட்டது பிழை என்று உணர்ந்தேன். கருவி காட்டும், காண்பதும் சொல்வதும் மனிதனின் கடமை.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் இரவு. ஆழிப்பேரலை நிகழ்ந்து சரியாக 19 ஆண்டுகள். அன்று காலையில்தான் குப்பத்து மக்கள் கடலில் மலர் தூவி, மாண்டோரை நினைந்து திரும்பியிருந்தனர். நள்ளிரவை ஒட்டி என் கைப்பேசி ஒலித்தது. எண்ணூர்ப் பெரியகுப்பத்துக்கு அருகில் குடியிருக்கும் என் பழைய மாணவன் பேசினான்.

"சார், கண்ணு எரியுது, மூச்சு அடைக்குது. குழந்தைங்களத் தூக்கிட்டு ரோட்டுல நிக்கிறோம். எந்தப் பக்கம் ஓடுறதுன்னு தெரியல சார்" என்றான்.

நேயர்களே, என் கையில் இருந்த கருவி இலண்டனில் மழை பெய்கிறதா என்று அறிவிக்க வல்லது. ஆனால் ஆறேழு கிலோமீட்டருக்கு அப்பால் என் மாணவன் எதைச் சுவாசிக்கிறான் என்பதை அதனால் சொல்ல முடியவில்லை. "துணியை நனைத்து மூக்கில் கட்டிக்கொள், வாடை குறையும் பக்கமாக நட" என்று மட்டும் சொன்னேன். பின்னால்தான், கடலடிக் குழாய் ஒன்றிலிருந்து அம்மோனியா கசிந்தது என்று தெரிந்தது. அவ்வாயு நீரில் எளிதில் கரையும். ஆகவே ஈரத்துணி என்ற யோசனை நற்பேறாகப் பொருந்திவிட்டது. வேறு வாயுவாக இருந்திருந்தால்? ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். உறங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பியது நெடியும், கதவைத் தட்டிய அண்டை வீட்டாருமே.

மாசு மிகுதியான 17 வகைத் தொழில்களைச் சேர்ந்த ஆலைகள் தம் புகையையும் கழிவுநீரையும் இடைவிடாது அளக்கும் கருவிகளைப் பொருத்தி, அளவுகளை இணையவழி மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று 2014-இலேயே மத்திய வாரியம் ஆணையிட்டது. நல்ல ஆணை. ஆனால் அந்தச் செய்தி செல்லும் வழியைப் பாருங்கள். ஆலையிலிருந்து அலுவலகத்துக்குச் செல்கிறது. ஆலையின் மதிலை அடுத்து உறங்கும் குடும்பத்துக்கு அது நேரே செல்வதில்லை. 1857-இன் தந்தியைப் போலவே, கம்பியின் மறுமுனை ஆள்வோர் கையில் இருக்கிறது. நல்லவாட்டில் அது ஊரின் கையில் இருந்தது. கருவி புதியதா பழையதா என்பதை விட இவ்வேறுபாடே பெரிது.

செய்தி மக்கள் கைக்கு வந்துவிட்டால் எல்லாம் நலமாகிவிடுமா? அவ்வாறும் சொல்ல முடியாது. எண்ணூருக்கு வடக்கே உள்ளது பழவேற்காடு. 2018-ஆம் ஆண்டு மே மாதம், குழந்தை திருடுவோர் நடமாடுகின்றனர் என்ற பொய்ச் செய்தி வாட்ஸப் வழியே வடமாவட்டங்களில் பரவியது. பழவேற்காட்டில் அயலான் ஒருவனை மக்கள் திரண்டு அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டனர். அதே சமயத்தில், சென்னையிலிருந்து திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் குலதெய்வ வழிபாட்டுக்காகச் சென்ற 65 வயது மூதாட்டி, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததைக் கண்டு ஐயுற்ற கூட்டத்தால் கொல்லப்பட்டார். அடித்தவர்கள் கொடியவர்களாகப் பிறந்தவர்கள் அல்லர். தம் குழந்தைகளை நேசித்தவர்கள். அந்த நேசத்தையே பொய் ஆயுதமாக்கிற்று. அவ்வாண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதவாறு இந்தியாவில் வரம்பு கட்டினர். எம்டன் காலத்து வதந்தி காலால் நடந்தது; இக்காலத்து வதந்திக்குச் சிறகு முளைத்துள்ளது.

பிணைப்பு மிகுதியானால் ஓரிடத்து நோய் எல்லா இடத்துக்கும் தொற்றும் என்பது இன்னொரு தீமை. 2017 ஜூனில் ஐரோப்பாவில் பரவிய கணினி நச்சுநிரலால், மும்பையை அடுத்த ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு முனையம் முடங்கிற்று. 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிருவாகக் கணினி ஒன்றில் நச்சுநிரல் புகுந்தது. அணு உலையை இயக்கும் அமைப்பு தனித்திருந்ததால் அதற்குத் தீங்கில்லை என அறிவித்தனர். இணைப்பு நல்லது, இணைக்காமல் விட வேண்டியதை அறிவது அதனினும் நல்லது.

எளியோர் படும் தொல்லை ஒன்றையும் கூற வேண்டும். நான் உயிரோடிருக்கிறேன் என்பதை மெய்ப்பிக்க ஒரு முறை அலுவலகம் ஒன்றுக்குச் சென்றேன். பல ஆண்டுகள் சுண்ணக்கட்டி பிடித்துத் தேய்ந்த என் விரலை யந்திரம் ஏற்கவில்லை. மும்முறை மறுத்தது. அங்கிருந்த இளைஞர், "நாளைக்கு வாங்க ஐயா" என்றார். எனக்கு அடுத்து நின்ற அம்மையார் இறால் உரித்தே வாழ்க்கையை ஓட்டியவர். அவருடைய விரலையும் அது மறுத்தது. எனக்கு ஒரு நாள் வீணாயிற்று. அவருக்கு ஒரு நாள் கூலி போயிற்று. மனிதனை அறியும் யந்திரம் தவறும்போது, மனிதன் மனிதனை அறிந்து ஒப்பமிட வழி இருக்க வேண்டும். இவ்வாறு திரட்டப்படும் விவரங்கள் யாருடைய உடைமை என்ற கேள்வியும் உண்டு. தனியுரிமை அடிப்படை உரிமையே என 2017 ஆகஸ்ட் 24-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். தனிமனித விவரங்களைக் காக்கும் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டது. தீர்ப்பும் சட்டமும் ஏட்டில் உள்ளன. அவற்றைக் கேட்டுப் பெறும் அறிவு மக்களுக்கு வர வேண்டும்.

முடிவாக, என் மாணவர்களுக்குச் சொல்வது போல மூன்று கேள்விகளைச் சொல்லி அமைகிறேன். புதிய கருவி எது வந்தாலும் இவற்றைக் கேளுங்கள். இதன் செய்தி முதலில் யாரைச் சென்றடைகிறது? செய்தி பொய்யானால் அதை நிறுத்தவும் திருத்தவும் யாரால் முடியும்? கருவி தவறினால் எளியோர்க்கு வேறு வழி உண்டா? மூன்றுக்கும் நல்ல விடை கிடைக்குமானால் அக்கருவியை இரு கை நீட்டி வரவேற்கலாம். விடை இல்லையானால், விடை கிடைக்கும் வரை கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

எண்ணூருக்கு என் வேண்டுகோள் சிறியது. ஆலையின் அளவுகருவி எச்சரிக்கும் அதே கணத்தில் குப்பத்தின் நடுவே ஒரு சங்கொலி எழ வேண்டும். எந்த வாயு, எந்தப் பக்கம் செல்வது என்று ஒலிபெருக்கி தமிழில் சொல்ல வேண்டும். திங்களுக்கு ஒரு முறை அதை ஒலிக்கச் செய்து, பள்ளிக் குழந்தைகளை அந்த வழியில் நடத்திப் பழக்க வேண்டும். இதற்குப் புதிய விஞ்ஞானம் எதுவும் தேவையில்லை. நல்லவாட்டு மீனவர்கள் 2004-இலேயே செய்து காட்டியதுதான்.

என் மாணவனும் அவன் குழந்தைகளும் அன்று நலமாகத் தப்பினர். அவன் கேட்ட கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது. எந்தப் பக்கம் ஓடுவது என்று ஓர் ஆசிரியனை நள்ளிரவில் கேட்க வேண்டிய நிலை, இனி எந்தத் தந்தைக்கும் வரலாகாது.